ஷேடோ 2 ட்ரிகர்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

சிஇசட் ஷேடோ 2 என்ற போட்டிக் கைத்துப்பாக்கியின் சிங்கிள் ஆக்‌ஷன் (ஹேமர், அதாவது அடிக்கும் சுத்தி, முன்பே நிமிர்ந்திருக்கும்போது ட்ரிகரை இழுப்பது) பெட்டியிலிருந்து எடுக்கும்போதே நன்றாகத்தான் இருக்கும். குறை, ட்ரிகரே ஹேமரை நிமிர்த்தி விழவும் வைக்கும் டபுள் ஆக்‌ஷனில். ஐபிஎஸ்சி (துப்பாக்கிச் சுடுதல் போட்டிகளின் சர்வதேச அமைப்பு) புரொடக்‌ஷன் பிரிவில் ஹேமரை முழுதும் இறக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஸ்டேஜிலும் முதல் தோட்டா அந்த நீண்ட, கனமான இழுப்பில்தான் போகிறது. செலவழிக்கிற காசு அங்கே போய்ச் சேர வேண்டும். சிங்கிள் ஆக்‌ஷனில் இழுப்பு எடையை இன்னும் கால் பவுண்டு குறைக்க அலைவது பெரும்பாலும் வீண்.

முதலில் மாற்ற வேண்டியது ஹேமர் ஸ்பிரிங். விலையும் குறைவு, பலனும் அதிகம். 13 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் டபுள் ஆக்‌ஷன் ஏறத்தாழ 6.5 பவுண்டுக்கு வரும். 11.5 போட்டால் 5.5 முதல் 6 வரை. துப்பாக்கிக்குத் துப்பாக்கி அரை பவுண்டு முன்னே பின்னே இருக்கும். கடையில் எல்லோரும் 11.5-ஐத்தான் கேட்கிறார்கள், ஆண்டுக்கணக்கில் ஓட்ட 13-தான் சரி. இரண்டு காரணங்கள்.

ஒன்று, விதி. ஐபிஎஸ்சி புரொடக்‌ஷனில் முதல் சுடுதலுக்கு 2.27 கிலோ, அதாவது 5 பவுண்டு, கீழ்வரம்பு. புது ஸ்பிரிங் சில ஆயிரம் இழுப்புகளில் கொஞ்சம் தளரும், உரசும் பரப்புகளும் வழவழப்பாகும். இன்று 5.4 காட்டுவது சீசன் முடிவில் எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். அளக்கும் இடமும் முக்கியம். ட்ரிகரின் கீழ் நுனியில் எடைமானியின் கொக்கியை மாட்டினால் நெம்புகோல் நீளம் கூடுவதால் எடை குறைவாகக் காட்டும். நடுவில் மாட்டி, பத்து முறை இழுத்து, சராசரி எடுங்கள்.

இரண்டாவது காரணம் பிரைமர், அதாவது தோட்டாவின் அடியில் அடிபட்டு வெடிக்கும் சிறு கிண்ணம். ஹேமர் ஸ்பிரிங் இளகினால் ஃபயரிங் பின்மேல் (பிரைமரைக் குத்தும் ஊசி) விழும் அடியும் இளகும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர் மென்மையானது, 11.5-இலும் வெடித்துவிடும். சிசிஐ நிறுவனத்தது கடினம், அதே ஸ்பிரிங்கில் அவ்வப்போது ஏமாற்றும். நீளமான ஃபயரிங் பின்னும் மென்மையான ஃபயரிங் பின் ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டால் நிலைமை கணிசமாகச் சீராகும். ஆனால் ஷேடோ 2-இல் ஃபயரிங் பின் பிளாக் (ட்ரிகரை இழுக்காதவரை அந்த ஊசியை அடைத்து வைக்கும் தடை) கிடையாது. தோட்டா ஏறிய துப்பாக்கி மூக்கு குத்திக் கீழே விழுந்தால், ஃபயரிங் பின்னைத் தடுத்து நிற்பது அந்தச் சிறு ஸ்பிரிங் மட்டும்தான். அதை அளவுக்கு மீறி இளக்கவோ, வெட்டிக் குட்டையாக்கவோ கூடாது.

வெடிக்காத தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மறுபடி அடித்ததும் வெடித்தால், ஸ்பிரிங்கைத் திட்டும் முன் ரீலோடிங் பிரஸ்ஸை (தோட்டாவை நாமே தயாரிக்கும் கருவி) பாருங்கள். பிரைமர் குழியின் அடிவரை போய் உட்காராதபோது, முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும். இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். விரலால் தடவினால் பிரைமர் கேஸின் அடிப்பரப்புக்கு ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும், சுமார் 0.1 மி.மீ. அது சரியாக இருந்தும் பிரைமரில் ஃபயரிங் பின் பதித்த தடம் ஆழமில்லை, இரண்டாம் அடிக்கும் வெடிக்கவில்லை என்றால், அப்போது ஸ்பிரிங்தான் குற்றவாளி.

மாற்றும் வேலை அரை மணி நேரம். மேகசினை எடுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஸ்லைடைக் கழற்றுங்கள். ஸ்லைடு இல்லாமல் ஹேமரை அடிக்க விடாதீர்கள், கட்டைவிரலால் பிடித்து இறக்குங்கள். பிடியின் இரு பலகைகளையும் எடுத்தால் பின்பக்கம் அடியில் ஸ்பிரிங்கின் மூடியும் அதைக் குறுக்கே பிடிக்கும் பின்னும் தெரியும். மூடியைச் சிறு கிளாம்பால் உள்ளே அழுத்திக்கொண்டே பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். அழுத்தம் விடுபட்டால் மூடி பறக்கும், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது ட்ரிகர் ரிட்டர்ன் ஸ்பிரிங். இந்தக் குடும்பத்துத் துப்பாக்கிகளில் முதலில் உடைகிற பாகம் பெரும்பாலும் இதுதான். உடைந்தால் ட்ரிகர் தொளதொளவென்று தொங்கும், ஒவ்வொரு முறையும் விரலால் முன்னே தள்ள வேண்டியிருக்கும். ட்ரை ஃபயரும் (தோட்டா இல்லாமல் இழுத்துப் பழகுவது) கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். வீட்டில் நாளுக்கு 200 இழுப்பு என்றால் மாதம் 6,000. இளகிய ரிட்டர்ன் ஸ்பிரிங் இழுப்பைச் சற்றுக் குறைக்கும், ரீசெட்டையும் (அடுத்த சுடுதலுக்கு ட்ரிகர் முன்னே திரும்புவது) சோம்பலாக்கும். வேகமாகச் சுடுபவரின் விரல், ட்ரிகர் திரும்புவதற்குள் அதை மறுபடி அழுத்தப் பார்த்து உறைந்து நிற்கும். ஃபேக்டரி ஸ்பிரிங்கை விட்டுவைத்து, அதிலேயே இரண்டு உபரியாகப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. மாற்றும்போது ட்ரிகருக்குள் ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த ஒரு குட்டைப் பின் இல்லாவிட்டால் பொறுமை போய்விடும்.

ரீசெட் தூரத்தைக் குறைக்கும் உட்பாகமான ஷார்ட் ரீசெட் டிஸ்கனெக்டர் ஆசைப்படத் தக்க பாகம்தான், ரீசெட் தெளிவாகக் குறையும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டுகிற பொருள் அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக உரசி, மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடி உரசிப் பொருத்த வேண்டும். கூடுதலாக உரசிவிட்டால் அந்தத் துண்டு குப்பைக்கு. அனுபவமில்லாதவர் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடலாம். ட்ரிகர் பார் உரசும் பக்கங்களை 1000, பிறகு 2000 நம்பர் ஈரத் தாளால் மெருகேற்றுவதில் தவறில்லை. ஹேமரும், நிமிர்ந்த ஹேமரைப் பிடித்து வைக்கும் சியரும் கொக்கிபோட்டு நிற்கும் முகங்களை மட்டும் தொடவே கூடாது. கோணம் ஒரு பிசகு பிசகினால், ஸ்லைடு மூடும்போதே ஹேமர் கூடவே விழும்.

எந்தப் பாகம் மாற்றினாலும் காலித் துப்பாக்கியில் மூன்று சோதனைகள். ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், ட்ரிகரை விட்டால் ரீசெட் சத்தம் கேட்க வேண்டும். ஹேமரை நிமிர்த்தி, பின்னாலிருந்து கட்டைவிரலால் பலமாக முன்னே தள்ளுங்கள், நழுவக் கூடாது. சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுங்கள். அப்போதும் ஹேமர் அசையக் கூடாது. ரேஞ்சில் முதல் சில மேகசின்களில் இரண்டிரண்டு தோட்டா மட்டும் போடுங்கள். ஒரே இழுப்பில் இரண்டும் போனால் அன்றோடு நிறுத்திவிட்டு, பழைய பாகங்களை மாட்டுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே பாகம், அதன்பின் குறைந்தது 200 தோட்டா, போட்டியில் போடும் அதே பிரைமரில். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது கோளாறு செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. புரொடக்‌ஷன் பிரிவில் வேறு நிறுவனங்கள் செய்த பாகங்களுக்கு ஐபிஎஸ்சியில் கட்டுப்பாடு கடுமை. அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏ உட்பாகங்களில் அதைவிடத் தாராளம். எந்தப் பிரிவில் சுடப் போகிறீர்களோ அதன் இந்த ஆண்டு விதிப்புத்தகத்தைப் பார்த்த பிறகு ஆர்டர் போடுங்கள்.