‘லைஃப் டைம் போட்டோஷாப்’ போட்டுத் தருகிறோம் என்றால் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள்

வேலூரில் லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுப்பவர்களும் பழைய லேப்டாப் வாங்குபவர்களும் இதை நிதானமாகப் படியுங்கள். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும். அந்த ஒரு கடை மட்டும் இப்படிச் செய்வதில்லை என்பதுதான் என் பெரிய கவலை.

என் தங்கை காட்பாடியில் வீட்டிலிருந்தே ஆரணிப் பட்டுப் புடவை விற்கிறாள். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடுவாள், அதைப் பார்த்து ஆர்டர் வரும். அவளுக்குத் தேவை மிகவும் சாதாரணம். படத்தின் ஓரத்தை வெட்ட வேண்டும், முந்தானையின் நிறம் நேரில் பார்ப்பது போலத் தெரிய வேண்டும், மூலையில் விலையை எழுத வேண்டும். இதற்காகத்தான் கடைக்காரரிடம் ஏதாவது இலவச சாஃப்ட்வேர் போட்டுத் தரச் சொன்னாள். அவரோ, “ஃப்ரீல வர்றதெல்லாம் சரியா இருக்காதும்மா, ஃபுல் வெர்ஷன் போட்டோஷாப்பே போட்டுத் தர்றேன், லைஃப் டைம்” என்று சொல்லி 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கிடையாது.

‘லைஃப் டைம்’ என்ற அந்தச் சொல்லே பொய். 2013-க்குப் பிறகு வந்த முழு போட்டோஷாப் எதையும் அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு தருவதில்லை. மாதச் சந்தா, இல்லையென்றால் வருடச் சந்தா. ஆயுசுக்கும் சேர்த்து யாராவது விற்றால் அது பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிதான்.

கொஞ்ச நாளில் அந்த போட்டோஷாப் லைசென்ஸ் கேட்டு நின்றது. திரும்பக் கொண்டுபோனபோது, “புது பேட்ச் போட்டா சரியாயிடும்” என்று பென் டிரைவிலிருந்து எதையோ ஓட்டினார். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் விண்டோஸ் டிஃபெண்டர் தடுத்தது. அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார். என் தங்கை பயந்துபோய்க் கேட்டதற்கு, “ஒண்ணும் ஆகாதும்மா, எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுத் தர்றோம்” என்று பதில்.

அன்று இரவே ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ‘ரீட்மீ’ என்று ஒரு குறிப்பு. ஃபைல்களைத் திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். பாதி விலையே நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஃபைல்களைத் திறக்கும் சாவி வரும் என்பதற்கு ஒரு உத்தரவாதமும் இல்லை.

புடவைப் படங்களில் பாதி அவள் போனிலேயே இருந்ததால் வியாபாரம் எப்படியோ ஓடுகிறது. ஆனால் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களும், குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போனபோது எடுத்தவையும் அந்த லேப்டாப்பில்தான் இருந்தன. அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கடைக்காரரிடம் கேட்டால், “இன்னா சார், நெட்ல எதையாவது அமுக்கியிருப்பாங்க” என்கிறார். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். சி டிரைவ் முழுவதையும் சோதிக்காமல் விட்டுவிடும்படி சேர்த்து வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகு பேச்சே இல்லை.

விசாரித்ததில் தெரிந்தது, இதன் பெயர் ஸ்டாப் அல்லது டிஜேவியூ. திருட்டு சாஃப்ட்வேரின் பூட்டை உடைக்கும் ‘கிராக்’ வழியாகவே பெரும்பாலும் பரவுகிற ரான்சம்வேர் இது, அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும் பூட்டுகிறது. படம் கெட்டுப்போக அதுவே போதும். எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் 2019-இல் இதற்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. ஆனால் லேப்டாப் நெட்டில் இருந்தபோது ரான்சம்வேரைப் பரப்புகிறவர்களின் சர்வரிலிருந்து தனிச்சாவி வந்து பூட்டியிருந்தால் அந்தக் கருவியால் திறக்க முடியாது. எங்களுடையது அந்த வகை. கடையின் வைஃபை அப்போது இணைப்பில் இருந்தது.

சரி, தங்கைக்கு உண்மையில் என்ன போதும்? இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ‘ஃப்ரீ என்றால் சரியிருக்காது’ என்ற பேச்சை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

விண்டோஸ் 11-இல் கூடவே வரும் ‘போட்டோஸ்’ ஆப்பிலேயே ஓரம் வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், பின்னணியை நீக்கலாம். அரசுத் தேர்வு விண்ணப்பங்களில் போட்டோ இத்தனை கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ரீசைஸ் கொடுத்தால் புது அளவு எத்தனை கேபி என்று அங்கேயே காட்டுகிறது. இதற்கு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் காசு கொடுக்கவே தேவையில்லை. கொஞ்சம் கூடுதலாக வேண்டுமானால் பெயின்ட் டாட் நெட். எளிது, பழைய லேப்டாப்பிலும் ஓடும், விண்டோஸுக்கு மட்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் அதற்கு விலை போட்டிருப்பார்கள், அதன் சொந்தத் தளத்தில் இலவசம்.

போட்டோஷாப்புக்குச் சமமாக வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு கிம்ப். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் 1995-இல் தொடங்கியது. இன்றுவரை இலவசம், கடைக்கும் வியாபாரத்துக்கும்கூட. 2025 மார்ச்சில் 3.0 வந்தது. கற்றுக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும் என்பதை மறைக்க மாட்டேன். சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற தன் வடிவத்தில்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் கொடுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் கோபித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். ஸ்டூடியோக்காரர் போட்டோஷாப்பின் சொந்த வடிவமான பிஎஸ்டி ஃபைல் கொடுத்தால் போட்டோபீ இருக்கிறது. பிரவுசரிலேயே திறக்கும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், படமும் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. பக்கத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். என் தங்கை இப்போது போனில் ஸ்னாப்சீட் ஆப், லேப்டாப்பில் போட்டோபீ, இந்த இரண்டில்தான் வேலை முடிக்கிறாள்.

ஆனால் இலவச சாஃப்ட்வேரிலும் எங்கிருந்து இறக்குகிறோம் என்பது முக்கியம். 2022-இல் கூகுளில் கிம்ப் என்று தேடியவர்களுக்கு முதலில் ஒரு விளம்பரம் வந்தது. பார்க்க கிம்ப்பின் சொந்த முகவரி போலவே காட்டியது. அழுத்தியவர்கள் போய்ச் சேர்ந்தது போலித் தளத்துக்கு. அங்கே இறங்கியது பாஸ்வேர்டு திருடும் விடார் என்ற நிரல். அதனால் தேடல் முடிவில் விளம்பரம் என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள், முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். கிம்ப் டாட் ஓஆர்ஜி. பெயின்ட் டாட் நெட்டுக்கு கெட்பெயின்ட் டாட் நெட்.

போன் ஆப்களில் வேறு மாதிரி. ‘3 நாள் இலவசம்’ என்று ஆரம்பித்து யுபிஐ ஆட்டோபே, அதாவது பணத்தைத் தானாகப் பிடிக்கும் அனுமதி, வாங்கிக்கொள்வார்கள். ஆப்பை அழித்துவிட்டால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கம் போய் ரத்து செய்ய வேண்டும், யுபிஐ ஆப்பிலும் ஆட்டோபே பட்டியலை ஒரு முறை பாருங்கள்.

ஏற்கெனவே யாராவது உங்களுக்கு இப்படி ‘ஃபுல் வெர்ஷன்’ போட்டுக் கொடுத்திருந்தால், இன்றே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். அங்கே நீங்கள் சேர்க்காத எதுவும் இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் போடுங்கள். அதற்கு முன் படங்களை மட்டும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பூட்டப்பட்டுவிட்டதா? முதலில் நெட்டைத் துண்டியுங்கள். இந்த ரான்சம்வேரோடு பாஸ்வேர்டு திருடும் நிரலும் சேர்ந்து வருவது வழக்கம், ஆகவே பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள். 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் கிரைம் தளத்திலோ புகார் கொடுங்கள். பூட்டிய ஃபைல்களை ஃபார்மட் அடித்து அழிக்கச் சொல்லிக் கடைக்காரர் அவசரப்படுத்துவார், எங்களையும் அப்படித்தான் அவசரப்படுத்தினார். விடாதீர்கள். அவற்றைத் தனி டிஸ்கில் காப்பி எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் செய்யுங்கள். வேறு சில ரான்சம்வேர்களின் சாவிகள் பின்னாளில் வெளிவந்திருக்கின்றன. பணம் கேட்கும் குறிப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள், எந்த வகை என்று கண்டுபிடிக்க அது வேண்டும்.