டாஸ்க் மேனேஜரா, ரிசோர்ஸ் மானிட்டரா, பிராசஸ் எக்ஸ்ப்ளோரரா?

விண்டோஸ் கம்ப்யூட்டர் திணற ஆரம்பித்தால் பெரும்பாலோர் டாஸ்க் மேனேஜரைத் திறப்பார்கள். மெமரி பத்தியில் முதலிடத்தில் எது நிற்கிறதோ அதற்கு 'எண்ட் டாஸ்க்' கொடுப்பார்கள். அநேகமாக அது பிரவுசராக இருக்கும். கொஞ்ச நேரம் வேகம் திரும்பும், மறுநாள் பழையபடி திணறும். முதலிடத்தில் இருப்பதுதான் காரணம் என்று எடுத்துக்கொள்வதால் வரும் வினை இது. நிறைய மெமரி வைத்திருக்கும் புரோகிராம் வேறு, வாங்கியதைத் திருப்பித் தராமல் மணிக்கு மணி கூட்டிக்கொண்டே போகிற, அதாவது 'லீக்' ஆகிற புரோகிராம் வேறு. ஆளை முடக்குவது இரண்டாவது வகைதான். அதை எது சீக்கிரம் காட்டிக்கொடுக்கிறது என்பதை வைத்தே இந்த மூன்று கருவிகளையும் பார்க்கிறேன்.

முதலில் டாஸ்க் மேனேஜர். 1996-இல் விண்டோஸ் என்டி 4.0-வோடு வந்தது, 2012-இல் விண்டோஸ் 8-இல் பெரிய அளவில் தோற்றம் மாறியது. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும், டாஸ்க்பார் உறைந்து கிடந்தாலும் பெரும்பாலும் திறந்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது.

சிபியுவைப் பிடித்துக்கொண்டு விடாத புரோகிராமைக் கண்டுபிடிக்க இதுவே போதும். ஆனால் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காட்டும் சதவீதம் எல்லா கோர்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. 8 திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை) ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டால் 100 என்று காட்டாது, 12 அல்லது 13 என்றுதான் காட்டும். 4 திரெட் என்றால் 25. சிறிய எண்தானே என்று கடந்து போய்விடக் கூடாது. ஏறாமல் இறங்காமல் அந்த எண்ணிலேயே ஒரு புரோகிராம் நின்றால் அது சுற்றிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

மெமரி விஷயத்தில்தான் டாஸ்க் மேனேஜர் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகிறது. முதலில் தெரியும் மெமரி பத்தி, அந்தப் புரோகிராமுக்கே உரிய மெமரியில் இந்த நிமிடம் ரேமில் இருக்கும் பங்கை மட்டும் சொல்கிறது. ரேம் நெருக்கடி வந்ததும் விண்டோஸ், வெகுநேரம் தொடாத பகுதிகளைச் சுருக்கி வைக்கும், இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ள பேஜ்ஃபைலுக்கு அனுப்பும். அப்போது அந்தப் பத்தியில் எண் குறைந்துவிடும். வாங்கிய மெமரி மட்டும் திரும்பி வந்திருக்காது.

நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடையில் இதை நேரிலேயே பார்த்தேன். 8 ஜிபி ரேம், காலையில் போட்டால் இரவு கடை சாத்தும்வரை ஓடும் கம்ப்யூட்டர். சாயங்காலம் ஆனால் மெமரி போதவில்லை என்ற எச்சரிக்கை வரும், ரீஸ்டார்ட் செய்தால் சரியாகும். பழி எப்போதும் பிரவுசர் மேல். 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் பத்தித் தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' போய், 'கமிட் சைஸ்' பத்தியைச் சேர்த்தோம். ரேமில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு புரோகிராம் தனக்கென்று விண்டோஸிடம் வாங்கி வைத்திருக்கும் மொத்த மெமரியின் கணக்கு அது. பிரிண்டரோடு வந்த ஒரு குட்டி புரோகிராம், இங்க் அளவைக் காட்டுவதற்கென்று மூலையில் உட்கார்ந்திருப்பது, மெமரி பத்தியில் சில பத்து எம்பிதான் காட்டியது. கமிட் சைஸில் பல ஜிபி! அதை நிறுத்தி, ஸ்டார்ட்டப்பிலிருந்தும் எடுத்த பிறகு பிரிண்டர் வழக்கம்போல வேலை செய்தது, அந்த எச்சரிக்கையும் வரவில்லை.

ஆகவே டாஸ்க் மேனேஜரிடம் தகவல் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருப்பதை மறைத்து வைத்திருக்கிறது. கமிட் சைஸ், ஹேண்டில்ஸ் (ஃபைல் போன்றவை எத்தனையைத் திறந்து வைத்திருக்கிறது), கமாண்ட் லைன் (எந்தக் கட்டளையால் தொடங்கப்பட்டது) ஆகிய மூன்று பத்திகளை ஒருமுறை சேர்த்துவிட்டால் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது.

ரிசோர்ஸ் மானிட்டர் விண்டோஸ் 7-இலிருந்து தனிக் கருவியாக இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் பெயரைத் தட்டினால் வரும். இதன் மெமரி பக்கம் கமிட்டையும் ரேமில் இருக்கும் பங்கையும் கேட்காமலே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. பக்கத்திலேயே 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' என்று ஒரு பத்தி இருக்கும். ரேம் பழுதாகிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். கேட்ட மெமரிப் பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டி வந்தது என்று பொருள். புதிதாக ஒரு புரோகிராமைத் திறக்கும்போது அது எகிறுவது சகஜம். எதையும் திறக்காமல் சும்மா வேலை பார்க்கும்போதும் நொடிக்கு நூற்றுக்கணக்கில் நீடித்தால் ரேம் உண்மையிலேயே போதவில்லை.

டிஸ்க் பக்கம்தான் இதன் பெரிய பலம். எந்தப் புரோகிராம் எந்த ஃபைலை இந்த நொடி படிக்கிறது, எழுதுகிறது என்று பாதையோடு காட்டும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அங்கே முதலிடத்தில் பேஜ்ஃபைல் இருந்தால் அது மெமரிப் பிரச்சினை, ஆன்டிவைரஸோ ஃபைல் இன்டெக்ஸிங்கோ இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டிய வேலை. குறை என்றால், எந்த பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, எது கிளப்பிவிட்டது என்று இது சொல்லாது.

அதைச் சொல்வது பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். மார்க் ருஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது, இன்றும் இலவசம், இன்ஸ்டால் செய்ய வேண்டாம், டவுன்லோட் செய்து அப்படியே ஓட்டலாம். திறந்ததும் பிராசஸ்களைப் பெற்றோர், பிள்ளை என்று மரமாக அடுக்கிக் காட்டும். பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) ஒன்று காரணமில்லாமல் ஓடுகிறது என்றால் அதைத் தொடங்கியது எது என்று ஒரே பார்வையில் தெரியும், தொடங்கியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால். பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸ்களைத் தாங்கிக்கொண்டு சர்வீஸ் ஹோஸ்ட் என்று வரிசையாக நிற்பவற்றின் மேல் மவுஸை வைத்தால் உள்ளே எந்த சர்வீஸ் என்று காட்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, ஒரு பிராசஸை டபுள் கிளிக் செய்து போகும் 'திரெட்ஸ்' பக்கம். மேலே சொன்ன 12 சதவீத லூப்பை இங்கே கொண்டுவந்தால் சுற்றும் திரெட் எந்த டிஎல்எல்லில் (புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) தொடங்கியது என்று தெரிந்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திணறுவதாகத் தோன்றும். உள்ளே போனால் எப்போதோ போட்ட ஒரு ரைட் கிளிக் மெனு நீட்டிப்பின் டிஎல்எல் நிற்கும். விண்டோஸையே ஃபார்மேட் செய்யக் கிளம்பியவருக்கு ஒரு அன்இன்ஸ்டாலில் வேலை முடியும்.

சந்தேகமான ஃபைலைப் பல ஆன்டிவைரஸ்களிடம் ஒரே நேரத்தில் கேட்டுச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் சரிபார்க்கும் வசதியும் 2014-இலிருந்து உண்டு. ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) அனுப்பிக் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தெரியாத ஃபைலையே அனுப்பிவைக்கும் விருப்பத்தை அலுவலகக் கம்ப்யூட்டரில் போடாதீர்கள். நிறங்களும் எண்களும் புதியவரை மலைக்க வைக்கும் என்பதும் உண்மை. அட்மினாக ஓட்டினால்தான் முழுதாகக் காட்டும், அந்த அதிகாரத்தோடு முக்கியமான சிஸ்டம் பிராசஸைக் கொன்றால் நீலத் திரைதான். நாலு பேரின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொடுப்பவர் இதைக் கட்டாயம் பழக வேண்டும். தன் கம்ப்யூட்டரை மட்டும் பார்ப்பவர் மூன்று பத்தி சேர்த்த டாஸ்க் மேனேஜரோடு நிற்கலாம்.

இந்தப் போட்டியில் 'ரேம் பூஸ்டர்' வகையறாவை நான் சேர்க்கவே இல்லை. பொதுவாக அவை ஓடும் புரோகிராம்களின் பக்கங்களை ரேமிலிருந்து வலுக்கட்டாயமாகத் தள்ளிவிடுகின்றன. காலி இடம் கூடியதாக எண் காட்டும். அந்தப் புரோகிராமுக்கு மறுபடி போனதும் தள்ளியதையெல்லாம் திரும்ப இழுக்க வேண்டியதுதான். லீக் ஆகும் புரோகிராமின் கமிட் சைஸில் ஒரு எம்பிகூடக் குறையாது. விண்டோஸ் 'ஸ்டாண்ட்பை' என்று வைத்திருக்கும் மெமரி யார் கேட்டாலும் உடனே கொடுக்கப்படுவது. அதைக் காலி செய்வதில் ஒரு லாபமும் இல்லை. போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

மூன்று கருவிகளின் பட்டியலும் கைவிரிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. எல்லா பிராசஸ்களின் கமிட்டையும் கூட்டினாலும் 3 ஜிபி தாண்டவில்லை, ஆனால் ரேம் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்றால், டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் மெமரியைத் தொட்டு, கீழே 'நான்-பேஜ்ட் பூல்' என்ற எண்ணைப் பாருங்கள். விண்டோஸின் உட்பகுதியும் டிரைவர்களும் வாங்கி வைத்திருக்கும், டிஸ்க்குக்கு அனுப்ப முடியாத மெமரி இது. சில நூறு எம்பி சாதாரணம். பல ஜிபி என்றால் டிரைவர் ஒன்று லீக் ஆகிறது என்று சந்தேகிக்க வேண்டும். எந்த பிராசஸை மூடினாலும் அது குறையாது. விண்டோஸ் டிரைவர் கிட்டில் வரும் பூல்மான் என்ற கருவி எந்த டேகின் (மெமரி வாங்கும்போது டிரைவர் ஒட்டும் அடையாளச் சீட்டு) கீழ் மெமரி குவிகிறது என்று காட்டும், அந்த டேகை வைத்து டிரைவரைத் தேடலாம். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கடைசியாக மாற்றிய டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

எல்லாம் உறைந்துபோய் பவர் பட்டனை அழுத்திவிட்டீர்களா? ஈவன்ட் வியூவரில் 'விண்டோஸ் லாக்ஸ்' கீழே 'சிஸ்டம்' பதிவுகளைத் திறந்து, 'ரிசோர்ஸ் எக்சாஸ்ஷன் டிடெக்டர்' பெயரில் 2004 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், மெமரி தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அதிகம் வாங்கி வைத்திருந்த புரோகிராம்களின் பெயரும் அளவும் அதில் இருக்கும். அதுவும் கமிட் கணக்குதான்.