முதல் ஹெலி: இரட்டை றோட்டரா, ஒற்றை றோட்டரா?

மேசை லாச்சிக்குள் பழைய பால்மா ரின் ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு வருசத்தில் நான் உடைத்ததெல்லாம் அதற்குள் கிடக்கிறது: இறக்கை ஐந்து, வளைந்த அச்சுக் கம்பி ஒன்று, பல்லுப் போன பற்சில்லு ஒன்று, தேய்ந்துபோன வால் மோட்டர் இரண்டு. றிமோட் ஹெலி வாங்கலாமா என்று கிளிநொச்சிப் பக்கம் யார் வந்து கேட்டாலும் அந்த ரின்னைத்தான் முதலில் திறந்து காட்டுகிறேன். பழகும்போது ஹெலி விழும். விழுந்தது எத்தனை நாளில் திரும்ப எழும்பும் என்று பார்த்துத்தான் வாங்கவேண்டும்.

இரட்டை றோட்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சைமா எஸ்107ஜி மாதிரியானவை, பலர் கண்டிருப்பீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு றோட்டர், அதாவது மேலே சுற்றும் இறக்கைத் தொகுதி, எதிரெதிராகச் சுற்றுவதால் உடல் தானாகச் சுழலாது, அனேகமாக நின்ற இடத்திலேயே நிற்கும். ஏறும், இறங்கும், முன்னும் பின்னும் போகும், திரும்பும். பக்கவாட்டில் நகராது. இந்த வகை றிமோட் அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்வது, வெயிலில் இணைப்பு அறுந்துவிடும். எங்கள் வெயிலுக்கு அது விறாந்தையைத் தாண்டாது. மழை நாளில் பிள்ளைகள் வீட்டுக்குள் விளையாட நல்லது. ஓட்டப் பழக விரும்புகிறவருக்கு ஒரு கிழமைக்குப் பிறகு அதில் படிக்க ஒன்றுமிராது.

மற்றப் பக்கம் இருப்பது கலெக்டிவ் பிட்ச் என்கிற ஒற்றை றோட்டர் வகை. பிட்ச் என்பது இறக்கையின் சாய்வு. அந்தச் சாய்வே மாறுவதால் தலைகீழாகவும் நிற்கும், காற்றுக்கும் ஈடுகொடுக்கும். வவுனியாவில் இருக்கும் மச்சானிடம் 450 என்கிற அளவு வகையில் ஒன்று இருந்தது. இரண்டு பின்னேரம் அதைப் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். பறக்கிற விதத்தைப் பற்றி என் சொல்லைப் பெரிதாக எடுக்கவேண்டாம். விழுந்த விதத்தைக் கண்ணால் கண்டேன். இடுப்பளவு உயரத்தில் இருந்து சரிந்தது. இறக்கை இரண்டும், பிரதான அச்சும், தலைக்குள் ஓடும் குறுக்கு அச்சும், பெரிய பற்சில்லும், வால் குழாயும் ஒரே அடியில் போயின. அந்தப் பாகங்களின் விலைக்குச் சின்ன ஹெலி ஒன்றையே வாங்கியிருக்கலாம். பாகம் வந்தபிறகும் இறக்கைகள் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா, பிட்ச் சரியா என்று அளந்து அளந்து பூட்டவேண்டும். அந்த இறக்கை கையில் பட்டால் தையல்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. மச்சான் அதை ஒருமுறை எங்கள் வளவுக்குக் கொண்டுவந்தான். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சத்தம் கேட்டதும் சுளகை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டா. 2009 வரை அந்தச் சத்தத்தைத் தலைக்கு மேலே கேட்டவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். என்னுடையது இலையான் இரைகிற மாதிரித்தான். "இதெண்டாப் பரவாயில்லை ராசா" என்றா.

என்னுடையது ஒற்றை றோட்டர், நிலையான பிட்ச் (இறக்கையின் சாய்வு மாறாது), நான்கு சனல் (ஏறி இறங்க, முன்பின் போக, பக்கவாட்டில் நகர, திரும்ப என்று நான்கு கட்டுப்பாடு). டபிள்யூஎல்ரோய்ஸ் வி911 இந்த வகையில் பேர்போனது. 2.4 கிகாஹேர்ட்ஸ் றேடியோ என்பதால் வெயில் ஒன்றும் செய்யாது. பக்கவாட்டிலும் போகும், ஆகவே இதில் கை படிகிற பழக்கம் பெரிய ஹெலிக்கும் அப்படியே உதவும். காற்றுத்தான் இதற்கு எதிரி. சோளகம் வீசும் மாதங்களில் விடிய ஆறு, ஆறரைக்குள் பறக்கவிட்டு முடித்துவிட வேண்டும்.

நான் இதன் பக்கம் நிற்பது பராமரிப்புக்காக. உடல் பாரமில்லாததால் புல்லில் விழுந்தால் அனேகமாக ஒன்றும் ஆகாது. உடைந்தாலும் ஒரு சின்னத் திருகாணிச் சாவியும் சாமணமும் போதும். வால் மோட்டருக்கு மட்டும் ஈயம் பற்றவைக்க வேண்டும், அதை ஃபோன் திருத்துகிற பெடியனே செய்து தருகிறான். ஒருநாள் த்ரொட்டிலை, அதாவது மோட்டர் வேகத்தைக் கூட்டும் குச்சியை, முழுதாகக் கொடுத்தும் எழும்பவில்லை. மோட்டர் போய்விட்டதென்று முடிவுகட்டி, கழற்றிப் பார்த்தால் பற்சில்லுக்கு அடியில் அச்சைச் சுற்றி ஒரு நீளத் தலைமயிர் இறுகிக் கிடந்தது. ஊசியால் எடுத்துவிட்டதும் பழையபடி எழும்பியது. செம்மண் புழுதியைக் காய்ந்த பெயின்ற் தூரிகையால் தட்டிவிடுங்கள். பற்சில்லுக்குக் கிறீஸ் பூசவேண்டாம், புழுதி அதில் ஒட்டிப் பல்லைத் தின்னும்.

பாகங்கள் இங்கே கடையில் கிடையா. கொழும்பில் இருந்தோ வெளிநாட்டில் இருந்தோ தபாலில் வரவேண்டும். ஒருமுறை வேறு மொடலின் பற்சில்லை அனுப்பிவிட்டார்கள், ஹெலி ஆறு கிழமை லாச்சிக்குள் கிடந்தது. ஆகவே ஹெலியோடு சேர்த்தே இரண்டு சோடி இறக்கை, ஒரு வால் மோட்டர், ஒரு பெரிய பற்சில்லு, இரண்டு மேலதிக பற்றரி எடுத்துவிடுங்கள். ஒற்றைச் செல், 3.7 வோல்ற்று, கரண்ட் போன நாளில் ஃபோனுக்கு வைத்திருக்கிற பவர் பாங்கிலேயே ஏறும். பறந்து முடிந்த சூட்டோடு சார்ஜ் போடவேண்டாம். முழுதாக 4.2 வோல்ற்றுக்கு நிரப்பி, தகரக் கூரைக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் பற்றரி ஊதிப்போகும்.

பழக நான் பிடித்த இடம் நெல் காயவிடும் சீமெந்துத் தளம், அதில் ஒரு படங்கு விரித்து. அரிதாள் நிற்கும் வயலில் வால் சிக்கிக்கொள்ளும். ஹெலியின் வால் உங்களைப் பார்க்க நிற்கட்டும். தரையோடு ஒட்டி நிற்கவைக்கப் பார்க்காதீர்கள், தன் காற்றே தரையில் பட்டுத் திரும்பி அதை ஆட்டும். துணிந்து முழங்காலுக்கு மேலே எழுப்புங்கள், அங்கே அமைதியாகும். விழப்போகிறது என்று தெரிந்த கணமே த்ரொட்டிலைப் பூச்சியத்துக்கு இழுங்கள். என் ரின்னுக்குள் இருக்கும் பற்சில்லு, அந்த நேரம் பயத்தில் இன்னும் கூட்டிக் கொடுத்ததால் போனது.

மிதிவெடிப் பலகை நிற்கும் காணிப் பக்கம் பறக்கவிடவே வேண்டாம். காற்று அங்கே கொண்டுபோனால் ஹெலியை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் கையில் றிமோட்டைக் கொடுக்க முதல் இதைச் சொல்லுங்கள்.

இப்போது முகம் என்னைப் பார்க்க நிற்கவைத்துப் பழகுகிறேன். இடமும் வலமும் மாறிவிடும். எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளி, சரிவுக்கு முண்டு கொடுக்கிறதாக நினைத்தால் கை திருந்துகிறது. பதினைந்து விநாடி பிடிக்கிறேன். ஒரு பற்றரி முடியும்வரை அப்படியே பிடிக்க முடிகிற நாள் வரும்வரை கலெக்டிவ் பிட்சுக்குக் காசு ஒதுக்கப்போவதில்லை.