பால்கனியில் ஏழு குளிர்காலம்: தூசி உணரியும் மூடுபனியும்

சென்ற சனிக்கிழமை பால்கனிக் கம்பியிலிருந்து தூசி உணரியைக் கழற்றி, கோடை முழுவதும் விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்த அதன் லேசர் பகுதியை மாற்றி, மறுபடியும் கட்டினேன். இதைக் கேள்விப்பட்ட மியூனிக் நண்பர் தாமும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாததால் இதை எழுதுகிறேன்.

நான் வசிக்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஓகே லேப் என்ற தன்னார்வக் குழு 2015இல் தொடங்கிய, குடிமக்களே காற்றின் தூசியை அளக்கும் லுஃப்ட்டாட்டன் திட்டம், இப்போது சென்சார் கம்யூனிட்டி என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. தூசியை அளக்கும் எஸ்டிஎஸ்011 உணரி, அளவை வைஃபையில் அனுப்பும் நோட்எம்சியூ பலகை, ஈரப்பதம் அளக்க டிஎச்டி22, மழை படாமல் காக்கக் கழிவுநீர்க் குழாய்க்குரிய இரண்டு எல்போ என்னும் வளைவுத் துண்டுகள் ஆகிய அனைத்தும் சேர்த்து 2018 அக்டோபரில் எனக்கு நாற்பது யூரோவுக்குள் முடிந்தது. அப்போது இந்த ஊரில் காற்றைத் தவிர வேறு பேச்சே இல்லை. குன்றுகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த நகரம் இது. அப்போதெல்லாம் குளிர்காலத்தில் காற்று அசையாமல் நின்றுவிட்டால் நுண்துகள் எச்சரிக்கை அறிவிப்பார்கள். நெக்கார்டோர் சாலைச் சந்திப்பில் உள்ள அரசுக் காற்று அளவீட்டு நிலையத்தின் எண்களை மக்கள் கால்பந்து முடிவுகளைப் போல் பேசிக்கொண்டார்கள். ஆண்டுக்கு 35 நாட்களுக்கு மேல் நுண்துகள் வரம்பு மீறக்கூடாது என்ற விதியை அந்தச் சந்திப்பு முதன்முறையாக நிறைவேற்றியதே 2018இல்தான். நெக்கார்டோரின் எண் நெக்கார்டோருக்கு உரியது, என் தெருவுக்கு உரிய எண் எங்கே என்ற கேள்விதான் என்னை இந்தக் குழாயை வாங்க வைத்தது.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏழு ஆண்டுகளாக என் கோபம் முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான். இந்தக் கருவிக்குத் தூசிக்கும் நீர்த்துளிக்கும் வேறுபாடு தெரியாது. லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கொண்டே அது எண்ணுகிறது. ஈரப்பதம் ஏறினால் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதிவிடுகின்றன, மூடுபனி இறங்கினால் துளிகளே துகள்களாகிவிடுகின்றன. அரசு நிலையங்களில் உறிஞ்சும் காற்றைச் சூடாக்கி உலர்த்துவார்கள், அல்லது வடிதாளில் படிந்த தூசியை உலர்நிலையில் எடை போடுவார்கள். என் எல்போவுக்குள் அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. நவம்பர் காலையொன்றில் எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத மூடுபனியில், சாலையில் ஒரு வண்டியும் ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு, அது கன மீட்டருக்கு 140 மைக்ரோகிராம் காட்டியது. டிஎச்டி22 தன் பங்குக்கு 99.9 சதவீதத்தில் ஏறி உட்கார்ந்து, வெயில் வந்த பிறகும் பதினொரு நாள் அதைவிட்டு இறங்கவில்லை.

எல்லா உணரிகளின் அளவையும் காட்டும் திட்டத்தின் இணைய வரைபடமோ திருத்தாத எண்ணையே வண்ணமாக்குகிறது. கீழ்த்தளத்து மூதாட்டி கைப்பேசியைக் காட்டி, நம் வீடு ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது, சன்னலைத் திறக்கலாமா என்று படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். அது மூடுபனி என்றேன். அப்படியானால் அதற்கு எதற்குச் சிவப்பு என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். உலர்ந்த நாட்களில் இந்தக் கருவி சொன்னதை வேறு எதுவும் எனக்குச் சொல்லியிருக்காது. புத்தாண்டு இரவு பன்னிரண்டு மணிக்கு வரைகோடு செங்குத்தாக எழும். போகியன்று சென்னையில் வளர்ந்த மூக்குக்கு அது புதிதல்ல. ஆனால் தொற்றுக்காலத்தில் பட்டாசு விற்பனையைத் தடை செய்த 2020 டிசம்பர் 31 அன்று அதே கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்ததைக் கண்டபோது, ஓர் அரசாணை என் பால்கனிவரை வந்து சேர்வதை முதல் தடவையாக எண்ணில் பார்த்தேன். இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபையில் கருவியின் முகவரியைத் திறந்தால் அந்த நேரத்து அளவு தெரியும். விரும்பினால் சொந்தச் சர்வருக்கும் அனுப்பலாம். தினசரிக் கோப்புகளை யாரும் இறக்கிக்கொள்ளலாம். உள்ளூர் நாளிதழான ஸ்டுட்கார்ட்டர் சைட்டுங் இந்தத் தரவைக் கொண்டே வட்டாரவாரியாகத் தூசி நிலவரம் வெளியிட்டது.

2022 குளிர்காலத்தில் இன்னொன்று தெரிந்தது. ஈரப்பதம் 55 சதவீதமே உள்ள மாலைகளில், ஏழு மணிக்கு 8 என்றிருந்த அளவு 60க்கு ஏறி, பத்தரைக்கு இறங்கியது. அதுவும் வெள்ளி, சனிக்கிழமைகளில் மட்டும். நான் இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த டீசல் கார்கள் காரணமல்ல, பின்கட்டில் யாரோ விறகு அடுப்பு மூட்டுகிறார்கள். ஆறு வாரத் தரவை வரைபடமாக்கி உரிய அலுவலகத்துக்கு அனுப்பினேன். அளவுத்திருத்தம் செய்யாத கருவிகளின் எண்களைக் கணக்கில் எடுக்க இயலாது என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. குடிமக்கள் பங்கேற்பைப் பற்றி வழவழப்பான தாளில் கையேடு அச்சிடும் நகரத்திலிருந்து வந்த கடிதம் என்பதால் இரண்டு நாள் கொதித்தேன். ஆனால் நான் அனுப்பிய கோப்பிலேயே, ஒரு மூடுபனி ஞாயிற்றுக்கிழமை, விறகு அடுப்பைவிட இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. அதை நீக்கிவிட்டு அனுப்பியிருக்கலாம். அப்படி எனக்கு வேண்டாத எண்ணை நீக்கத் தொடங்கினால், என்னை நம்ப வேண்டும் என்று யாரிடம் கேட்பேன்?

நகரம் முழுவதும் ஆளுக்கொரு குழாய் தொங்கவிட்டு, நடுவில் எவருடைய அனுமதியும் இன்றி ஒரு வலையமைப்பை எழுப்பிய உழைப்பு பெரிது. அந்த உழைப்பை ஒரு மலிவான ஈரப்பதப் பிழை பேச்சிழக்கச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து உணரிகள் பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பிழை குறையும் என்பார்கள். மூடுபனியோ எல்லாக் குழாய்களிலும் ஒரே நேரத்தில்தான் நுழைகிறது. விலை கூடிய எஸ்பிஎஸ்30 என்ற இன்னொரு உணரி நீண்ட நாள் உழைக்கும், சத்தமும் குறைவு. அதிலும் காற்றை உலர்த்தும் வழி கிடையாது.

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. நான் புதிய லேசர் பகுதி வாங்கும்போது கூடுதலாக ஒன்றும் சேர்த்து வாங்கினேன், ஏனென்றால் கீழ்த்தளத்து மூதாட்டி தம் சன்னலுக்கும் ஒன்று வேண்டும் என்கிறார். என்னிடம் மிச்சமாக ஒரு நோட்எம்சியூ பலகையும் இரண்டு எல்போவும் இருக்கின்றன. நண்பர் முகவரியை அனுப்பினால் அஞ்சலில் சேர்த்துவிடுகிறேன்.