க்ளாக் ஹோல்ஸ்டர் வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கருக்கு அடியில் பாருங்கள்

"க்ளாக் எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, எதுவா இருந்தாலும் உள்ள போகும்" என்று கோலாலம்பூர் புடு பக்கத்தில் ஒரு கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். க்ளாக் 17 என்ற கைத்துப்பாக்கி மாடலுக்கென்று கேட்டு 180 வெள்ளிக்கு வாங்கிய ஹோல்ஸ்டரில், அதாவது இடுப்பில் கட்டுகிற துப்பாக்கி உறையில், எங்கள் கிளப் துப்பாக்கி முழுசாக இறங்கவே இல்லை. அடி மூடின மாடல், பேரல் (குழல்) நுனி போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, ட்ரிகரைச் சுற்றியிருக்கிற வளையம் பாதி வெளியே, 'க்ளிக்' என்று பிடிக்கவும் இல்லை. சுடுகளத்தைக் கவனிக்கிற ரேஞ்ச் ஆபீசர் பார்த்தவுடனே கழற்றச் சொல்லிவிட்டார். க்ளாக்கில் விரலால் தள்ளிப் போடுகிற சேஃப்டி கிடையாது, ட்ரிகரிலேயேதான் இருக்கிறது, அதனால் ட்ரிகரை மூடாத ஹோல்ஸ்டரை இடுப்பில் கட்டியவர் பக்கத்தில் யாரும் நிற்கக்கூட மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து உள்பக்கத்தில் '17' என்று ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளினேன். கீழே அச்சிலேயே வார்த்த எழுத்து: 19/23/32, எல்லாம் 17-ஐவிடக் குட்டையான க்ளாக் மாடல்கள்.

அதாவது தெரிந்தேதான் ஒட்டியிருக்கிறார்கள். 17-இன் பேரல் 114 மில்லிமீட்டர், 19-இன் பேரல் 102. பன்னிரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் அடி மூடின ஹோல்ஸ்டரில் முட்டுவது அந்தப் பன்னிரண்டுதான். 17-இன் ஹோல்ஸ்டரில் 19 போகும், 19-இன் ஹோல்ஸ்டரில் 17 இறங்காது. கைப்பிடிக்குள் செருகுகிற மேகசின் (தோட்டாப் பெட்டி) கதை இதற்கு நேர் எதிர், 17-இன் நீள மேகசின் 19-இல் வேலை செய்யும், கொஞ்சம் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அவ்வளவுதான், 19-இன் குட்டை மேகசின் 17-இல் எட்டாது.

திருப்பிக் கொண்டுபோனால் அடுத்த கதை. "19எக்ஸும் 17-உம் ஒரே சைஸ், 19எக்ஸுக்கு இது போகுது, அப்ப உங்களுக்கும் போகணும்" என்கிறார் கடைக்காரர். பாதி உண்மையை வைத்தே ஆளைக் கவிழ்க்கிற வித்தை இது! 2018-இல் வந்த 19எக்ஸுக்குக் கைப்பிடி 17-உடையது, மேலே ஸ்லைடும் (பேரலை மூடி முன்பின் நகர்கிற பாகம்) பேரலும் 19 அளவு. ஹோல்ஸ்டருக்குள் போவது மேல்பாதி, கைப்பிடி வெளியேதான் இருக்கும். இதைச் சொன்னதும் ரசீதைத் தட்டிக் காட்டினார், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'.

இவர்களுக்குத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்றால், இந்த நாட்டில் எவனும் துப்பாக்கியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து பொருத்திப் பார்க்க முடியாது. லைசென்ஸ் விஷயத்தில் யார் விளையாடுவார்கள்?

ரசீதில் என்ன அச்சடித்திருந்தாலும், சொன்ன பொருளுக்கு வேறு பொருளைக் கொடுத்தால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் கேட்க வழி உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம். நான் போட்டுவிட்டேன், ஸ்டிக்கரை முழுசாகக் கிழிக்காமல் பாதி தூக்கியபடி படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் வாங்கியவர்கள் உங்களுடையதையும் கிள்ளிப் பாருங்கள், வேறு நம்பர் தெரிந்தால் ரசீதோடு எனக்கு எழுதுங்கள்.