ஜி.இ.டி கணக்குக்கு டி.ஐ-30 எக்ஸ்.எஸ் கால்குலேட்டர்: வாங்கலாமா?

அமெரிக்காவில் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பின்னாளில் எழுதும் ஜி.இ.டி தேர்வில் நாலு பாடம். பலரும் தடுக்கி விழுவது கணக்கில்தான். நேரம் 115 நிமிடம், பாஸ் மதிப்பெண் 145. ஆரம்பத்தில் வரும் ஐந்து கேள்விகளைக் கையால் போட்டாக வேண்டும். அதைத் தாண்டினால் தேர்வு எழுதும் கணினித் திரையிலேயே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.ஐ-30 எக்ஸ்.எஸ் மல்ட்டிவியூ வந்து நிற்கும். அதே கால்குலேட்டர் கடையில் 20 டாலரை ஒட்டிக் கிடைக்கிறது. பெரியவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் இதை வாங்கச் சொல்லலாம். ஆனால் முதல் வாரத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். கடைசி வாரத்தில் வாங்கினால் தெரிந்த கணக்கும் தப்பாகும்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். திரையில் நாலு வரி தெரிகிறது. பின்னம் நோட்டில் எழுதுவதுபோல மேலும் கீழுமாக விழுகிறது. இருபது வருஷமாகப் பின்னத்தையே பார்க்காதவருக்குத் தாளில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒன்றாகத் தெரிவது பெரிய தைரியம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்பு போட்ட வரிகள் திரும்பி வரும். விடை மட்டுமில்லாமல், மாணவர் எதை அழுத்தினார் என்பதையே நீங்கள் பார்க்கலாம். சொல்லிக்கொடுப்பவருக்கு இதைவிட உபயோகமான அம்சம் இந்தப் பெட்டியில் இல்லை.

இனி வில்லங்கம். கழித்தலுக்கு ஒரு பட்டன், எதிர்ம எண்ணுக்கு வேறொரு பட்டன். எதிர்மத்துக்கானது கீழ்வரிசையில் என்டருக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் ஒரு கோடாக இருக்கும். −7 + 12 போட வேண்டும். மாணவர் கழித்தல் பட்டனை அழுத்திவிட்டார் என்று வையுங்கள். வரியின் தொடக்கத்தில் கழித்தலைக் கண்டால் கால்குலேட்டர் முந்தைய விடையைத் தானாக முன்னால் சேர்த்துக்கொள்ளும். முந்தைய விடை 40 என்றால் 40 − 7 + 12 ஆகி 45 வரும். வர வேண்டியது 5. பிழை என்று எதுவும் காட்டாது. நடுவில், அதாவது 5 × −3 என்ற இடத்தில் இதே தவறைச் செய்தால் பிழைச் செய்தி வந்து காப்பாற்றும். தொடக்கத்தில் நடப்பதுதான் ஆபத்து. வரியின் முன்னால் ‘ஆன்ஸ்’ என்று வந்திருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள்.

அடுத்த இடறல் வலது அம்புக்குறி. 3/4 + 5 போடும்போது 4-ஐ அழுத்தியதும் வலது அம்பை அழுத்திப் பின்னத்தை விட்டு வெளியே வர வேண்டும். மறந்தால் + 5 என்பதும் பின்னத்தின் கீழ்ப்பகுதிக்குள்ளேயே போய் 3/9 ஆகிவிடும். 23/4 வர வேண்டிய இடத்தில் 1/3. வர்க்கமூலத்திலும் இதே கதை: வெளியே வந்தால் √9 + 16 = 19, வராவிட்டால் √25 = 5. பிதாகரஸ் கணக்கில் வெளியே வராமல் இருப்பதுதான் சரி என்பது கூடுதல் குழப்பம். அடுக்குக்கும் அப்படியே. 1.05-ன் மூன்றாம் அடுக்கைப் போட்டு அம்பை அழுத்தி, 2000-ஆல் பெருக்கினால் 2315.25. மூன்று வருஷக் கூட்டு வட்டிக் கணக்கை இதிலேயே முடித்துவிடலாம்.

−3-ன் வர்க்கத்துக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் −9 வரும். இது கால்குலேட்டரின் குற்றமில்லை, கணக்கின் விதி. ஆனாலும் திட்டு வாங்குவது கால்குலேட்டர்தான்.

ஆரம் 6 உள்ள வட்டத்தின் பரப்பு கேட்டால் 36π என்று நிற்கும். கேள்வியின் விடைகள் தசமத்தில் இருந்தால் மாணவர் திகைத்துப்போவார். இரட்டை அம்பு போட்ட மாற்றுப் பட்டனை ஒருமுறை தட்டினால் 113.0973355. பின்னத்தைத் தசமமாக்கவும் அதே பட்டன்தான்.

குறை என்றால், இரண்டாம் பயன்பாடுகள் பட்டனுக்கு மேலே பொடி எழுத்தில் இருக்கின்றன. சாளேஸ்வரம் தொட்டவர்களுக்குச் சிரமம். சதவீதமே அப்படி ஒளிந்திருப்பதுதான்: ‘செகண்ட்’ அழுத்தி, பிறகு இடது அடைப்புக்குறி. டேட்டா பட்டனில் எண்களை உள்ளிட்டால் சராசரியும் இடைநிலை அளவும் சேர்ந்தே கிடைக்கும். அந்த வழியைப் பழக ஒரு வகுப்பு முழுக்கப் போய்விடும். ஏழெட்டு எண்களுக்கு அது வேண்டாம், கையால் வரிசைப்படுத்துவதே வேகம்.

பழையது வாங்கினால் முதலில் ஆன், கிளியர் இரண்டையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்யுங்கள். 250 போட்டால் 2.5 × 10² என்று காட்டுகிறதென்றால், முன்பு வைத்திருந்தவர் மோடை மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். டி.ஐ-30 எக்ஸ் டூ எஸ் என்று பெயரில் ஒட்டிய தம்பி ஒன்றும் உண்டு. விலை குறைவு, இரண்டே வரி, பின்னம் மேலும் கீழுமாக வராது. இந்தத் தேர்வுக்கு அது வேண்டாம்.

தேர்வு மையத்தில் எழுதுபவர் சொந்த டி.ஐ-30 எக்ஸ்.எஸ்ஸைக் கொண்டுபோகலாம். வீட்டிலிருந்து ஆன்லைனில் எழுதுபவருக்குத் திரையில் வருவது மட்டும்தான். அவர் 20 டாலரை மிச்சம் பிடித்து, மவுஸால் அந்தப் பட்டன்களைத் தட்டித் தட்டியே பழகட்டும்.