மார்பு இம்ப்ளான்ட் ரிவிஷன்ல அதே சைஸா, பெருசா, சின்னதா? ஒரே உடம்புக்கு ரெண்டு டாக்டர் சொன்ன ரெண்டு நம்பர்

2012ல, ரெண்டாவது பையனுக்குப் பால் நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சு, இங்க அமெரிக்காவுல டாலஸ்ல மார்புல 425 சிசி சிலிக்கான் இம்ப்ளான்ட் வச்சுக்கிட்டேன். பத்து வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் லெஃப்ட் சைடு கொஞ்சம் கொஞ்சமா இறுகி மேல ஏறிடுச்சு, ரைட் சைடு அதுக்கு நேர் எதிரா மல்லாந்து படுத்தா அக்குள் பக்கம் வழுக்கிட்டு ஓடுது. சரி ரிவிஷன், அதாவது பழசைத் திருத்துற ரெண்டாவது ஆபரேஷன், பண்ணித்தான் ஆகணும்னு ரெண்டு டாக்டர்கிட்ட போனேன். முதல் டாக்டர் பாத்துட்டு "தோல் தளர்ந்திருக்கு, 500 வச்சா நிரம்பிடும், தழும்பு கூட வேண்டாம்"னாரு. ரெண்டாவது டாக்டர் டேப்பை எடுத்து அளந்துட்டு "300 பக்கம் வாங்க, அதுக்கு மேல உங்க உடம்பு தாங்காது"ன்னாங்க. 200 சிசி வித்தியாசம்! ஒரே மார்பு, ஒரே வாரம்.

அந்த 200க்கு நடுவுல மூணு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்க எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ஆனா இதே குழப்பத்துல இருக்கிறவங்களுக்கு எதை எதோட ஒப்பிட்டுப் பாக்கணும்னாவது தெரியும்.

முதல்ல ஒண்ணு. மொத தடவ வைக்கிறது புதுத் துணில ப்ளவுஸ் தைக்கிற மாதிரி. ரிவிஷன்ங்கிறது தைச்ச ப்ளவுஸைப் பிரிச்சு ஆல்டர் பண்றது. உள்ள மடிச்சு விட்ட துணி எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துதான் டைலர் பதில் சொல்லுவாரு, நம்ம ஆசையைக் கேட்டு இல்ல. இங்க மிச்சத் துணிங்கிறது தோல், அதுக்கடியில இருக்கிற கொழுப்பு, சதை, அப்புறம் பழைய இம்ப்ளான்டைச் சுத்தி உடம்பே உருவாக்கி வச்சிருக்கிற உறை, அதாவது கேப்சூல். அது எல்லாருக்கும் உண்டாகும், இறுகினாத்தான் பிரச்சினை. எவ்வளவு இறுகிருக்குங்கிறதை பேக்கர் கிரேடுன்னு 1லேருந்து 4 வரைக்கும் சொல்றாங்க, 1னா மெதுவா இயல்பா இருக்கு, 3னா கையில தட்டுப்படுது பாத்தாலும் தெரியுது, 4னா வலியும் சேர்ந்தது. என்னோட லெஃப்ட் 3.

ரைட் சைடு கதை வேற. என் மார்போட அடிப்பக்க அகலம் 12 செ.மீ. உள்ள இருந்த பழைய இம்ப்ளான்டோ 13.5 செ.மீக்கும் மேல. 12 செ.மீ இடத்துல அதை விட அகலமானதை வச்சா அது எங்க போகும், பக்கவாட்டுலதான் போகும், பாக்கெட்டை நெம்பி நெம்பி பத்து வருஷத்துல பாதை போட்டுக்கிச்சு. 2012ல என்கிட்ட யாரும் இந்த அகலத்தைப் பத்திப் பேசவே இல்ல, ஒரு போட்டோவைக் காட்டி "இந்த மாதிரி வேணும்"னேன், வச்சுட்டாங்க. ஆக லெஃப்டுக்குக் காரணம் கேப்சூல், ரைட்டுக்குக் காரணம் அகலம். காரணமே வேற வேறன்னா "எத்தனை சிசி"ங்கிற கேள்வி கடைசியில வரவேண்டியது, நான் மூணு மாசமா அதை முதல்ல வச்சுக்கிட்டு சுத்திட்டிருந்தேன்.

சிசியைப் பத்தியும் ஒரு வார்த்தை. அது கொள்ளளவு மட்டும்தான், உருவம் கிடையாது. அதே 350 சிசி லோ ப்ரொஃபைல்ல வந்தா அகலமா தட்டையா தோசை மாதிரி, ஹை ப்ரொஃபைல்ல வந்தா அகலம் கம்மியாகி முன்னாடி தூக்கிட்டு ஆப்பத்தோட நடுப்பக்கம் மாதிரி. ஒருத்தி "நான் 400 வச்சேன் சூப்பரா இருக்கு"ன்னா அவ அகலம் என்ன, ப்ரொஃபைல் என்ன, தசைக்கு மேலயா கீழயான்னு தெரியாம அந்த 400ஐ வச்சு நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. கப் சைஸும் அப்படித்தான், ஒரு கடையில டி, இன்னொரு கடையில டபுள் டி.

இப்ப ஆப்ஷனுக்கு வரேன்.

அதே சைஸ் திரும்ப. சைஸ் புடிச்சிருக்கு, கிழிஞ்சிடுச்சு இல்ல ஒரு பக்கம் இறுகிடுச்சு, அவ்வளவுதான் குறைன்னா இதுதான் நேர் வழி. இறுகின கேப்சூலை எடுத்துட்டு புது இம்ப்ளான்ட் வைப்பாங்க. ஆனா "அதே சைஸ்"னு வாயால சொன்னா போதாது, ஆபரேஷன் முடிஞ்சதும் குடுத்த கார்டு வேணும், அதுல கம்பெனி, மாடல், சிசி, சீரியல் நம்பர் எல்லாம் இருக்கும். கார்டு தொலைஞ்சா பழைய ஆஸ்பத்திரி ரெக்கார்டைக் கேட்டு வாங்குங்க. வேற கம்பெனியோட அதே சிசி அகலத்துல மாறும். பழைய மாடல் இன்னும் விக்குதான்னும் பாக்கணும், அலர்கன் கம்பெனியோட சொரசொரப்பான பயோசெல் வகையை 2019 ஜூலையில எஃப்டிஏ (அமெரிக்க அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) கேட்டு திரும்ப வாங்கிட்டாங்க, பிஐஏ-ஏஎல்சிஎல்னு ஒரு அபூர்வ நிணநீர்ப் புற்று அந்த வகையோட சேர்ந்து அதிகமா வந்ததால. அறிகுறி ஒண்ணும் இல்லாதவங்க பயந்து எடுக்க வேண்டியதில்லன்னும் எஃப்டிஏவே சொல்லுச்சு, ஆனா திடீர்னு ஒரு பக்கம் வீங்கினா உடனே காட்டணும். இன்னொண்ணு, இறுகின மார்பு உருண்டையா தூக்கிட்டு இருக்கும், நம்ம கண்ணும் அதுக்குப் பழகிடும். கேப்சூல் பிடி விட்டதும் அதே சிசி பரவி உக்காரும், "சின்னதா வச்சுட்டாங்களோ"ன்னு தோணும், ஏமாத்தல, அதான் நிஜ உருவம். எனக்கு இந்த ஆப்ஷன் லெஃப்டுக்கு ஒத்துவரும், ரைட்டுக்கு வராது. அகலப் பிரச்சினைக்கு அதே அகலத்தைத் திரும்ப வச்சா பழைய பாதையிலயேதான் ஓடும்.

பெருசு. பொய் சொல்லக் கூடாது, 500னு கேட்டதும் முதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இதுல நிஜமாவே ஒரு லாபம் இருக்கு, தளர்ந்த தோலை உள்ளேருந்து நிரப்பிடலாம், தொங்கின மார்பைத் தூக்கித் தைக்கிற லிஃப்ட் வேண்டாம், புதுத் தழும்பு கிடையாது, ஆபரேஷன் நேரமும் கம்மி, பில்லும் கம்மி. மொத தடவ பயந்து பயந்து ரொம்பச் சின்னதா வச்சுக்கிட்டவங்க, அகலம் இன்னும் மிச்சம் இருக்கிறவங்க, தோலும் கொழுப்பும் தடிப்பா இருக்கிறவங்க, இவங்களுக்குப் பெருசு போறதுல தப்பே இல்ல. ஆனா அப்படிப் போறதா இருந்தா பாத்தா தெரியிற அளவுக்குப் போங்க, 25, 30 சிசி கூட்டினா கண்ணாடிக்கே தெரியாது, அதுக்குப் போய் ஒரு மயக்க மருந்தா.

என் மாதிரி ஆளுக்கு என்ன ஆகும்னா, சிலிக்கான் ஜெல் கிட்டத்தட்ட தண்ணி எடைதான், 500 சிசின்னா ஒரு பக்கம் அரைக்கிலோ. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு கிலோ அரிசிப் பையை ராத்திரி பகலா கழுத்துல மாட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி. அந்தப் பாரம் தோலை இன்னும் மெலிசாக்கும், கீழ் மடிப்பைத் தாண்டி இறங்கும், அதைத்தான் பாட்டமிங் அவுட்ங்கிறாங்க. மெலிஞ்ச தோல் வழியா இம்ப்ளான்டோட ஓரம் கையில தட்டுப்படும், குனிஞ்சா அலை அலையா தெரியும். உள்பக்கமா அகலம் மீறினா ரெண்டு மார்பும் நடுவுல ஒட்டிக்கிட்டு ஒண்ணாயிடும், சிம்மாஸ்டியாம், அதைச் சரி பண்றது ரொம்பக் கஷ்டமான ரிவிஷன்ல ஒண்ணு. தளர்ச்சிக்குக் காரணமே பாரம், அந்தத் தளர்ச்சியைச் சரி பண்ண இன்னும் பாரம்! கடனை அடைக்கக் கடன் வாங்குறதுதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. இன்னும் எட்டு பத்து வருஷத்துல எனக்கு அம்பத்தஞ்சு ஆகும்போது அந்த 500ஐ எடுக்கணும்னா அப்ப மூட என்ன தோல் இருக்கும்?

சின்னது. இதுக்கு சப்போர்ட் பண்றவங்க சொல்லாம விடுற விஷயத்தை முதல்ல சொல்லிடறேன், பெருசை எடுத்துட்டு சின்னதை வச்சுட்டு சும்மா தைச்சு அனுப்ப முடியாது. பெரிய தலகாணி உறையில சின்னத் தலகாணியைப் போட்டா என்ன ஆகும், அதேதான். உள்ள இருக்கிற பாக்கெட்டைத் தையல் போட்டுக் குறுக்கணும், அதுக்குப் பேரு கேப்சுலோரஃபி, தோல் ரொம்ப மெலிசுன்னா வலை மாதிரி ஒரு மெஷ் இல்ல பதப்படுத்தின தோல் ஷீட் வச்சு முட்டுக் கொடுப்பாங்க, அதுக்குத் தனிக் காசு. வெளித் தோலும் மிச்சமாகும், அதனால லிஃப்ட். காம்பைச் சுத்தி மட்டுமா, கீழ நேர்கோடாவுமா, இல்ல நங்கூரம் மாதிரி மடிப்போரமுமா, எவ்வளவு தொங்கியிருக்குங்கிறதைப் பொறுத்து தழும்பு கூடும். நம்ம நிறத் தோல்ல தழும்பு கருத்தும் தடிச்சும் போற வாய்ப்பு அதிகம், காது குத்தின இடத்துல கீலாய்டு வந்தவங்க இதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடணும். உள்ளயும் வேலை வெளியவும் வேலைன்னா காம்புக்குப் போற ரத்த ஓட்டத்துக்கு ரிஸ்க் ஜாஸ்தி, அதனால சில டாக்டருங்க ரெண்டு ஆபரேஷனா பிரிச்சு சில மாசம் இடைவெளி விட்டுத்தான் செய்வாங்க. சிகரெட் புடிக்கிறவங்களைப் பல பேர் தொடவே மாட்டாங்க.

இவ்வளவு செலவு, இவ்வளவு தையல், கடைசியில கிடைக்கிறது சின்ன மார்பா? ஆமா. ஆனா பாரம் குறையும், அகலம் அடங்கும், இருக்கிற தோல் இன்னும் கொஞ்ச வருஷம் தாங்கும். 425லேருந்து 300ன்னா ரெண்டு பக்கமும் சேர்த்து கால் கிலோ. எனக்கு அந்தக் கால் கிலோ பெரிய விஷயமாப் பட்டுச்சு.

மொத்தமா எடுத்துடறது. கோயம்புத்தூர்ல இருக்கிற அக்காகிட்ட போன்ல சொன்னப்போ "எதுக்கு கண்ணு இன்னொண்ணு, எடுத்து வீசிட்டு நிம்மதியா இரு"ன்னா. அவ சொல்றதுல நியாயம் இருக்கு, இம்ப்ளான்ட் ஆயுசுக்கும் வர்ற பொருள் இல்லன்னு 2021லேருந்து எஃப்டிஏ கருப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையாவே போடச் சொல்லிடுச்சு, சிலிக்கான் வச்சவங்க கிழிசல் இருக்கான்னு அஞ்சாறு வருஷத்துல ஒரு தடவ, அப்புறம் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுத்துப் பாக்கணும். எடுத்துட்டா இந்த அலைச்சலே இல்ல. லிஃப்ட் பண்ணிட்டு வயித்துக் கொழுப்பைக் கொஞ்சம் எடுத்து மேல் பக்கம் போட்டும் விடுவாங்க. எனக்குக் கொழுப்பு எடுக்க வயிறு தாராளமா இருக்கு, மனசுதான் இல்ல. கேப்சூலை இம்ப்ளான்டோட முழுசா ஒரே கட்டியா எடுக்கணும்னு இன்டர்நெட்ல எல்லாரும் அடிச்சுக்கிறாங்க, அது புற்றுக்காக எடுக்கும்போது அவசியம், மத்தவங்களுக்கு டாக்டர் பாத்து முடிவு பண்றது.

மார்பகப் புற்றுக்கு மார்பையே எடுத்துட்டு இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் அப்படியே பொருந்தாது, அங்க மூடுறதுக்குத் தோல் மட்டும்தான், அடுத்த பக்கத்தோட மேட்ச் பண்றதுதான் சைஸ். அவங்க இன்சூரன்ஸ் மாஸ்டெக்டமிக்கு, அதாவது மார்பை எடுக்கிற ஆபரேஷனுக்கு, கவர் பண்ற பிளானா இருந்தா மறு சீரமைப்பையும் அடுத்த மார்பைச் சமப்படுத்துறதையும் கவர் பண்ணணும்னு அமெரிக்காவுல 1998 சட்டமே இருக்கு. எங்களை மாதிரி அழகுக்கு வச்சவங்க பெரும்பாலும் கைக்காசுதான்.

சைஸைக் கண்டுபுடிக்கிற வழிகளையும் பாத்துடலாம். வீட்டுல அரிசி டெஸ்ட் பண்ணேன், ரைஸ் குக்கர் கப் 180 மில்லி, சிசியும் மில்லியும் ஒண்ணுதான், ஸாக்ஸ்ல பொன்னி அரிசியைப் போட்டு ப்ராவுக்குள்ள வச்சுப் பாத்தேன். அம்மாவோட ஆழாக்கு இருந்தா அதுவும் ஆகும், சுமார் 168 மில்லி. ஆனா மொத தடவ வைக்கிறவங்களுக்குத்தான் இது உதவும், ஏற்கனவே 425 உள்ள இருக்கிறப்போ அதுக்கு மேல அரிசியை வச்சா பெருசு எப்படி இருக்கும்னு மட்டும்தான் தெரியும், சின்னதைக் காட்டாது. இது எனக்கு மூணாவது ஸாக்ஸ்லதான் உறைச்சுது. கிளினிக்ல 3டி கேமராவுல காட்டுறது பாக்க நல்லா இருக்கும், ஆனா கேப்சூல் எப்படி அடங்கும்னு அந்தப் படத்துக்குத் தெரியாது. நான் நம்பினது டேப்பைத்தான். இந்த டாலஸ்லயே டெபெட்ஸ், ஆடம்ஸ்னு ரெண்டு சர்ஜன்கள் 2005ல எழுதின முறை ஒண்ணு இருக்கு, அஞ்சு அளவு, அஞ்சு முடிவு, அஞ்சு நிமிஷம்னு. அடி அகலம், தோல் எவ்வளவு இழுபடுது, இழுத்துப் புடிச்சு காம்புலேருந்து மடிப்பு வரைக்கும் எவ்வளவு, கிள்ளிப் பாத்தா தடிப்பு எவ்வளவுன்னு அளந்துட்டு அப்புறம்தான் சிசிக்கு வருவாங்க. அது மொத ஆபரேஷனுக்கு எழுதினதுதான், ஆனா எனக்கு 300 சொன்ன டாக்டர் கிட்டத்தட்ட அந்த வரிசையிலதான் அளந்தாங்க. 500 சொன்னவரு டேப்பையே எடுக்கல.

கடைசியா கையெழுத்துப் போட்ட பேப்பர்ல ஒரு நம்பர் இல்ல, "275 முதல் 325 வரை, அகலம் 12க்குள்ள"ன்னுதான் எழுதியிருந்துச்சு. ஆபரேஷன் டேபிள்ல என்னைச் சாய்வா உக்கார வச்சு, பாக்கெட்டைக் குறுக்கின அப்புறம் சைஸர்ங்கிற தற்காலிக அளவு இம்ப்ளான்டை வச்சுப் பாத்து அங்கதான் முடிவு பண்ணாங்க. லெஃப்ட்ல 300, ரைட்ல 325. லிஃப்ட் நேர்கோட்டோட நின்னுச்சு, நங்கூரம் வேண்டியிருக்கல. லெஃப்ட் திரும்ப இறுகாதுன்னு யாரும் எழுதிக் குடுக்கல, ஒரு தடவ இறுகினவங்களுக்கு மறுபடி இறுகுற வாய்ப்பு கூடத்தான்னு அந்தப் பேப்பர்லயே இருந்துச்சு. பீரோல இருக்கிற பத்துப் பதினஞ்சு ப்ளவுஸும் இப்ப லூஸு, அளவு ப்ளவுஸ் ஒண்ணை மட்டும் புடிச்சுத் தைச்சு அக்காவுக்கு அனுப்பியிருக்கேன்.